பெயரைத் தாங்கும் அணி: தந்திக் குறியும் தமிழ் எழுத்தும்



புள்ளிக்கு ஒரு சிறு மணி, கோட்டுக்கு ஒரு நீண்ட குழல் என்று கோத்து, அணிபவரின் பெயரை மறைபொருளாக வைக்கும் கைச்சங்கிலிகள் இன்று அன்பளிப்புப் பொருளாக விற்கப்படுகின்றன. மோர்சு தந்திக் குறிகளே அவற்றின் எழுத்து. இச்சிறு அணி மொழி பயில்வோர் முன் ஒரு வினாவை வைக்கிறது: ஒரு பெயர் வேற்றெழுத்துக்கு மாறும்போது எதை இழக்கிறது?

'பெகோஞா' என்பது ஸ்பெயினில் பெண்களுக்கு வழிவழியாக இடப்படும் பெயர். பில்பாவ் நகரத்து மாதா கோயிலையொட்டி வழங்குவது. அதன் இறுதி மெய் நம் ஞகரத்தை ஒத்தது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் அதற்கு இடமில்லை. ஆயினும் ஸ்பானியர் அதனை னகரத்துள் அடக்கிவிடவில்லை. கோடு, கோடு, புள்ளி, கோடு, கோடு எனத் தந்தியில் அதற்குத் தனிக்குறி வைத்துக்கொண்டனர். ஆதலால் அப்பெயர் சங்கிலியிலும் தன் ஒலி குன்றாமல் நிற்கிறது.

தந்தி என்னும் சொல் முன்பு வீணை முதலிய கருவிகளின் நரம்பைக் குறித்தது. பின்னர்க் கம்பிவழிச் செய்திக்குப் பெயராயிற்று. இவ்வரலாற்றில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. கடலடிக் கம்பியுள் நீர் புகாமல் காத்தது, மலாயாக் காட்டு மரங்களின் பாலிலிருந்து கிடைத்த கட்டா பெர்ச்சா. 1870-71இல் சென்னையைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்த கம்பிக்கும் அதுவே உறை. ரப்பர்த் தோட்டங்கள் பெருகியது அதற்குப் பின்னரே.

பொருளின்மேல் பெயர் பொறிக்கும் வழக்கமோ தந்தியினும் மிகப் பழையது. இத்தீபகற்பத்தின் வடபகுதியில், தாய்லாந்தின் கிராபி மாநிலத்தைச் சேர்ந்த குவான் லுக் பட் என்னுமிடத்தில், பொன்னின் மாற்று அறியும் உரைகல் ஒன்று கிடைத்தது. அதில் 'பெரும்பதன் கல்' என்று எட்டே எழுத்துகள் தமிழ்ப் பிராமியில் உள்ளன. காலம் கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. 'பதன்' என்பதைப் பொற்கொல்லனைக் குறிக்கும் 'பத்தன்' என அறிஞர் கொள்வர். கடல் கடந்து வந்த அத்தொழிலாளி தன் உடைமையைத் தன் எழுத்திலேயே குறித்தான்.

பல நூற்றாண்டுகள் கழித்துத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருக்கு அவ்வாய்ப்பு இல்லை. பெரட்டுக் களத்தில் கூப்பிடப்பட்ட பெயரைக் கிராணி தாம் கேட்டவாறு உரோமன் எழுத்தில் செக்ரோலில் பதிந்தார். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிறந்தவர் பலர், தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும் மற்றோர் ஆவணத்தில் வேறுவிதமாகவும் இருக்கக் கண்டிருப்பர். ழகரத்துக்கு 'எல்' எழுதுவது இன்றும் உண்டு. அவ்வெழுத்துக்கூட்டலைக் கொண்டு சங்கிலி கோத்தால், 'மலர்விழி' என்பவள் தன் விழியை இழந்து 'மலர்விலி' ஆகிறாள். 'இசட்', 'எச்' என இரண்டு எழுத்தாக எழுதினாலோ, ழகரம் என்னும் ஓரொலிக்கு எட்டுக் குறிகள் வேண்டும்.

இங்கே ஓர் எளிய கணக்கைக் காணுங்கள். புள்ளி, கோடு என்னும் இரண்டைக் கொண்டு, ஒரு குறியால் 2, இரு குறிகளால் 4, மூன்றால் 8, நான்கால் 16 வடிவங்கள் அமைகின்றன. கூட்டினால் 30. தொல்காப்பியம் கூறும் முதலெழுத்துகளும் உயிர் 12, மெய் 18 ஆக 30. ஆங்கிலம் இவ்வடிவங்களுள் 26ஐ மட்டுமே கொள்கிறது. தமிழுக்கோ ஒன்றும் மிகாமல், ஒன்றும் குறையாமல் அமைகிறது. இஃது எதிர்பாராப் பொருத்தமே. எனினும் பயன் தரும் பொருத்தம்.

இந்தியாவில் 2013 சூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அதன் குறிகளோ அணிகலனில் தொடர்கின்றன. ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். மலர்விழி என்பதை ம், அ, ல், அ, ர், வ், இ, ழ், இ என ஒன்பது ஒலிகளாகப் பிரிக்கச் செய்யுங்கள். முப்பது எழுத்துக்கும் முப்பது வடிவங்களை மாணவரே பங்கிடட்டும். அடிக்கடி வரும் எழுத்துக்குச் சிறிய குறி எனக் கொள்ளட்டும். பின்னர் நூலும் மணியும் கொடுத்து, அவரவர் பெயரை அவரவரே கோக்கச் செய்யுங்கள். எழுத்தியல் ஒரு பிற்பகலில் கைக்கு எட்டிவிடும். ழகரமும் அவர்கள் மணிக்கட்டில் பிழையின்றி நிற்கும்.