பேரழிவின் பின் எஞ்சும் நிலம்: ‘மெற்றல் மக்ஸ்’ விளையாட்டும் ஊவாவின் வரலாறும்

பேரழிவொன்றின் பின் மனிதர் எவ்வாறு வாழ்வர் என்னும் வினா தொன்றுதொட்டு எழுப்பப்பட்டு வந்ததொன்றாகும். கடல்கோள் பற்றிய நம் மரபுக் கதைகளும் இவ்வினாவின்பாற் பட்டனவே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது நிகழ்பட விளையாட்டு என்னும் புதிய வடிவத்தினுட் புகுந்தது. அத்தகைய விளையாட்டொன்றினை ஊவா நிலத்தின் வரலாற்றோடு ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘மெற்றல் மக்ஸ்’ 1991ஆம் ஆண்டு மே மாதம் யப்பானில் ‘ஃபமிகொம்’ சாதனத்துக்கென வெளியாயிற்று. ‘கிறியா-ரெக்’ நிறுவனம் ஆக்கிய இதனை ‘டேற்றா ஈஸ்ற்’ வெளியிட்டது. ஹிரோஷி மியாவோக்கா இதன் நெறியாளராவார். வாளும் மந்திரமும் மலிந்திருந்த அக்காலப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளினின்றும் இது வேறுபட்டு நின்றது. உலகின் சூழலைக் காக்கும் வழியை ஆராயுமாறு மனிதர் ஆக்கிய ‘நோவா’ என்னும் மாபெருங் கணினி, அக்கேட்டுக்கு மனிதரே காரணரெனத் துணிந்து அவர்களை அழிக்கத் தலைப்படுகின்றது. எஞ்சியோர் பாழ்நிலத்திற் சிற்றூர்களில் ஒதுங்கி வாழ்கின்றனர். இயந்திரம் திருத்துவோன் ஒருவனின் மகன், தந்தையின் சினத்துக்கு ஆளாகி, வேட்டைக்காரனாக வீட்டைவிட்டுப் புறப்படுகின்றான். கிடைத்த யுத்த தாங்கிகளுக்குப் பீரங்கியும் இயந்திரமும் மாற்றிப் பொருத்தி எதிரிகளோடு பொருதுகின்றான். தாங்கி சிதைந்துவிடின் இறங்கி நின்று போரிடல் வேண்டும்.

இவ்விளையாட்டின் இரு கூறுகள் நம் சிந்தனைக்குரியன. ஒன்று, பாழ்நிலத்திற் கிடந்த தாங்கி கண்டெடுத்தவனுக்கே உரியதாகின்றது. மற்றையது, வீரன் விரும்பிய வேளை தந்தையிடம் மீண்டு தன் தொழிலைக் கைவிடலாம்; கதை அவ்விடத்தே முடிவுறும்.

இனி ஊவாவை நோக்குவோம். 1817–1818இல் ஊவா, வெல்லசைப் பகுதிகளில் எழுந்த கிளர்ச்சியைத் தேசாதிபதி பிறவுண்றிக்கின் படைகள் ஒடுக்கின. கிராமங்கள் எரிக்கப்பட்டன, வயல்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல 1818 நவம்பரிற் கண்டியிற் கொல்லப்பட்டார். பின்னர் வந்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் கிடந்த நிலங்கள், மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியனவே என அனுமானித்தது. எனவே நிலம் இயல்பாகவே உரியவரற்றதாக இருந்ததன்று. சட்டத்தால் அவ்வாறு ஆக்கப்பட்டதெனலே பொருந்தும். மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1869இற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை வீழ்த்தவே, தேயிலை அதனிடத்தைப் பெற்றது. 1890இல் இலங்கை வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியிற் பல தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்குத் தெற்கே சரியும் ஹல்துமுல்லைச் சாரல்களும் இவ்வரலாற்றுக்குட்பட்டனவே.

இந்நிலத்தை உழைப்பால் வளமாக்கியோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். விளையாட்டின் வீரனுக்கிருந்த விலகும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ இன்றி, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போதல் அரிதாயிருந்தது. புதிய தோட்டம் அக்கடனை இறுத்த பின்னரும் அது தொழிலாளியைத் தொடர்ந்தது. 1921இலேயே துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அவர்கள் திருத்திய நிலத்தில் அவர்களுக்கென ஒரு துண்டு நிலமும் இருக்கவில்லை. 2014 ஒக்ரோபர் 29இல், ஹல்துமுல்லைப் பிரதேச செயலாளர் பிரிவிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமுடையதென முன்னரே சுட்டப்பட்டிருந்தது. எனினும், தமக்கென நிலமற்றோர் எச்சரிக்கையைக் கேட்ட மாத்திரத்தில் எங்கே பெயர்ந்து செல்வர்?

நோவா என்னும் கணினி, உலகின் கேட்டுக்கு மனிதகுலம் முழுவதையும் ஒருங்கே குற்றவாளியாக்கியது. கற்பனைக்கு அத்தீர்ப்புப் போதுமாயிருக்கலாம், வரலாற்றுக்குப் போதாது. வயலை எரித்தவர் யார், அதனைத் தரிசென எழுதியவர் யார், அதிற் கொழுந்து பறித்தவர் யார், இறுதியில் மண்ணுட் புதைந்தவர் யார் என வேறுபடுத்தி வினவுதலே வரலாற்று மாணவரின் கடன். அழிவின் பின் எஞ்சும் நிலம் எவருடையது என்னும் வினாவுக்கு, அதனைக் கண்டெடுத்தவனுடையது என விளையாட்டு விடைபகர்கின்றது. அதனைத் திருத்தி வாழ்பவருக்கும் அது உரியதாதல் வேண்டும் என்பதே ஊவாவின் வரலாறு நமக்கு உணர்த்துவதாகும்.