மீதிக் கணக்கு

1825இல் சென்னையில் அச்சான 'கால சங்கலித' என்னும் ஆங்கில நூலில் ஜோன் வாரன் ஒரு செய்தியைப் பதிந்துள்ளார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், நிலத்தில் சிப்பிகளைப் பரப்பி, மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டின் மே 31 - யூன் 1 சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினாராம். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிழை. அவருக்குச் சித்தாந்தம் எதுவும் விளங்கவில்லை என்கிறார் வாரன். எனக்கோ வாரன் அவசரப்பட்டுவிட்டார் என்றே படுகிறது.

கலியுகம் தொடங்கி அன்றுவரை சென்ற நாள்கள் ஏறக்குறைய 18 இலட்சம். இவ்வளவு பெரிய எண்ணை வைத்துச் சந்திரனைத் தேட முடியாது. எனவே வாக்கிய முறை முதலில் 16,00,984 நாள்களைக் கழிக்கிறது. மீதியை 12,372ஆலும், அதன் மீதியை 3,031ஆலும், அதன் மீதியை 248ஆலும் வகுக்கிறது. எஞ்சும் சிறிய எண்ணுக்குரிய வாக்கியத்தைச் சொன்னால் போதும். சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுற்று 248 நாளில் 9 முறை, 3,031இல் 110 முறை, 12,372இல் 449 முறை நிகழும். எதுவும் முற்றாகப் பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் வருஷப் பிறப்பு நேரத்துக்காக வாக்கியமும் திருக்கணிதமும் பிடித்த சண்டையைக் கண்ட நமக்கு, சிறு பிழையின் வலிமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கணனி சைன் காண்பதும் இப்படித்தான். கோணம் சிறிதானால் தொல்லையில்லை; 14ஆம் நூற்றாண்டில் கேரளத்து மாதவன் கண்ட தொடரே போதும். கோணம் பெரிதானால் முழுச் சுற்றுகளைக் கழித்து மீதியை எடுக்கவேண்டும். வில்லங்கம் இங்கேதான். 1க்குப் பின்னால் 22 பூச்சியங்கள் கொண்ட ஆரையன் கோணத்தை எடுங்கள். பையை 16 இலக்கத்துக்கு மட்டும் வைத்துக் கழித்தால், சுற்றுக்குச் சுற்று சேரும் பிழை முடிவில் சில இலட்சம் ஆரையனாகிவிடும். வட்டமோ ஆறேகால் ஆரையனுக்குச் சற்று மேல்! சரியான விடை -0.8522008497671888. அதற்குப் பையின் ஏறக்குறைய 40 இலக்கங்கள் தேவை. சன் நிறுவனத்தின் கே. சி. இங் 1992இல் இக்கோணத்தையே உரைகல்லாகக் கொண்டார். கருவிக்கொரு விடை வந்தது.

வழி அதற்கு முன்பே கிடைத்திருந்தது. 1983இல் மேரி பெய்னும் ரொபேர்ட் ஹானெக்கும், இரண்டைப் பையால் வகுத்து வரும் எண்ணை ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும இலக்கங்களுக்குச் சேமித்துவைக்கும் முறையை வெளியிட்டார்கள். அதால் கோணத்தைப் பெருக்கும்போது முழுச் சுற்றுகளாகவே கழிந்துபோகும் இலக்கங்களைத் தொடவே வேண்டாம். தேவையான துண்டை மட்டும் எடுத்தால் போதும். புதுச்சேரிக்காரர் 16,00,984ஐ முதலிலேயே தள்ளியதை இது எனக்கு நினைவூட்டுகிறது.

ஆனால் இன்ரெல் சில்லின் சைன் கட்டளை பையின் 66 இரும இலக்கங்களோடு நின்றுவிட்டது. பைக்கு மிக அண்மித்த கோணத்தைக் கொடுத்தால் விடையின் முதல் நான்கைந்து இலக்கங்களை மட்டுமே நம்பலாம். கைநூலோ பிழை கடைசி இலக்கத்தைத் தாண்டாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. 2014இல் ஒரு நிரலாளர் இதைப் பகிரங்கமாகச் சுட்டிக்காட்டியபின், இன்ரெல் கைநூலைத் திருத்தியது.