நினைவுப் போர்வை

நினைவுப் போர்வை என்பது இறந்துபோன ஒருவர் உடுத்திய துணிகளை வெட்டி, அத்துண்டுகளை இணைத்துக் கையால் தைக்கப்படும் போர்வை. இன்று இது பெரும்பாலும் பெட்டியில் பேணிவைக்கும் பொருளாகத் தைக்கப்படுகிறது. பழைய காலத்தில் அப்படியில்லை. துணியைத் தூக்கி எறிய வசதியில்லாத வீடுகளில், போர்த்திக்கொண்டு உறங்குவதற்காகவே இவை தைக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் பழந்துணிக்குத் தனி மதிப்பு உண்டு. இராமநாதபுரம் கடற்கரையின் காரங்காடு போன்ற மீனவ ஊர்களிலும், மற்றத் தமிழ் ஊர்களைப் போலவே, அம்மாவின் நைந்த சேலைதான் குழந்தைக்குத் தூளி. பலமுறை துவைத்த பருத்தி உடம்பை உறுத்தாது. தாயின் வாடையும் அதில் இருக்கும். நைந்த சேலைகளை மடித்து அடுக்கி, ஓரம் தைத்து விரிப்பாக்குவதும் வழக்கம். ஆனால் இறந்தவரின் துணி என்றால் கதை வேறு. பல சமூகங்களில் அதை வீட்டில் வைத்திருப்பதில்லை. பிறருக்குக் கொடுத்துவிடுவார்கள் அல்லது எரித்துவிடுவார்கள். அதே கடற்கரையில், இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் நீராடுவோரில் பலர் உடுத்தியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுச் செல்கிறார்கள். உடுத்தியவரின் ஏதோ ஒன்று துணியில் ஒட்டியிருக்கிறது என்ற நம்பிக்கைதான் துணியை வைத்துக்கொள்வோரிடமும் விட்டுவிடுவோரிடமும் இருப்பது.

இந்தியாவில் இம்மரபுக்கு மிக நெருக்கமானது வங்காளத்தின் காந்தா. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் சிறு தையல்களால் முழுவதையும் பிணைப்பார்கள். வண்ண நூலைக்கூடக் கடையில் வாங்காமல் சேலைக்கரையிலிருந்தே உருவி எடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா, கொல்கத்தா அருகே ஜோக்காவிலுள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் தைத்தது, யாருக்குத் தைத்தது என்பதை அவரே துணியில் எழுத்தாகத் தைத்து வைத்துவிட்டார். பெயர் தெரியாமல் போன ஆயிரக்கணக்கான தையற்காரப் பெண்களிடையே இது அபூர்வம். கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ‘நக்‌ஷி காந்தார் மாட்’ என்ற கதைப்பாடலில், பிரிந்துபோன கணவனை நினைத்துத் தன் வாழ்க்கையைக் காந்தாவில் தைக்கும் பெண், அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லி இறக்கிறாள்.

இறந்தவரின் உடையிலேயே தைத்த போர்வைகளில் நன்கு பதிவானது, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரில் 1942இல் தைக்கப்பட்டது. மூன்று பக்கமும் ஆறு வளைத்த ஊர் அது. அங்கிருந்தவர்கள் பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பினக் குடும்பங்கள். பலருக்கும் பழைய முதலாளியின் பெயரான பெட்வே என்பதே குடும்பப் பெயர். மிசூரி பெட்வேயின் கணவர் நதானியேல் பல மாதங்கள் நோயில் கிடந்து இறந்தார். அவர் வயலுக்கு உடுத்திய துணிகளை மிசூரி கிழித்தெடுத்தார். மகள் ஆர்லோன்சியாவும் உடனிருந்தார். கால்சட்டைக் கால்களும் சட்டையின் கீழ்ப்பகுதிகளும் ஒரு போர்வைக்குச் சரியாகப் போதுமான அளவே இருந்தன என்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கணவரை நினைத்திருக்கவும், அன்போடு அதற்குள் படுத்துக்கொள்ளவும் அந்தப் போர்வை வேண்டும் என்று தாய் சொன்னதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். இது அலங்காரத் தையல் அல்ல. வெளுத்த நீலமும் பழுப்பும் நீண்ட பட்டைகளாக இணைந்தவை.

இத்தகைய போர்வைகள் அதிகம் எஞ்சாததற்குக் காரணம் எளிது: போர்த்தினால் துணி தேயும், தேய்ந்தால் கிழியும், கிழிந்தால் அடுத்த போர்வைக்குள் உள்துணியாகப் போகும்.

1987இல் சான் பிரான்சிஸ்கோவில் கிளீவ் ஜோன்ஸும் நண்பர்களும் எயிட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காகத் தொடங்கிய நினைவுப் போர்வை வேறு வகை. ஒவ்வொரு துண்டும் 3 அடி அகலம், 6 அடி நீளம். ஏறத்தாழ ஒரு சவக்குழியின் அளவு. இறந்தவரின் சட்டை, ஜீன்ஸ் எனப் பலவும் அதில் தைக்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் 1,920 துண்டுகள் புல்வெளியில் விரிக்கப்பட்டன. இறந்தவரின் பெயரைச் சொல்லவே குடும்பங்கள் தயங்கிய காலம் அது.

மிசூரியின் போர்வை 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய ஜீஸ் பெண்ட் போர்வைக் கண்காட்சியின் வழியே உலகுக்குத் தெரியவந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் படுக்கைக்காகத் தைத்தது, கறையும் தேய்மானமும் அப்படியே இருக்க, சுவரில் தொங்கியது.