மூளையைச் சூழ்ந்த இரத்தக்கசிவும் ஆஞ்சியோகிராம் பரிசோதனையும்

மூளையைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வுகளுக்கிடையே இரத்தம் கசிவது ‘சப்அரக்னாய்டு இரத்தக்கசிவு’ எனப்படும். தலைக்காயமின்றித் தானாக ஏற்படும் இத்தகைய கசிவுகளில் சுமார் 85 விழுக்காட்டிற்கு, தமனிச் சுவர் வலுவிழந்து குமிழ்போல் புடைத்து வெடிப்பதே காரணமாகும். இப்புடைப்பு ‘அனியூரிசம்’ எனப்படும்.

அறிகுறிகள்

முன்னெப்போதும் கண்டிராத கடுமையான தலைவலி திடீரெனத் தோன்றி, நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ உச்சமடையும். வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சத்தில் கண் கூச்சம், வலிப்பு, நினைவிழப்பு ஆகியனவும் ஏற்படலாம்.

இப்பரிசோதனை ஏன் தேவை?

சாதாரண சி.டி. ஸ்கேன், இரத்தம் கசிந்திருப்பதைக் காட்டும். எந்த இரத்தநாளத்திலிருந்து கசிந்தது என்பதைக் காட்டாது. அதனை அறிந்தால்தான் கசிவிடத்தை அடைக்க இயலும். வெடித்த புடைப்பு மீண்டும் கசியும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில் மிகுதி. எனவே, ஆஞ்சியோகிராம் பரிசோதனையைத் தாமதிக்கலாகாது.

வகைகள்

• சி.டி. ஆஞ்சியோகிராம்: கைச் சிரை வழியே சாய மருந்து செலுத்தி, சில நிமிடங்களில் படமெடுக்கப்படும். மிகச் சிறிய புடைப்புகள் இதில் புலப்படாமல் போகலாம்.
• டி.எஸ்.ஏ.: தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே நுண்குழாய் செலுத்தி, மூளைக்குச் செல்லும் தமனிகளில் சாய மருந்து செலுத்தப்படும். எலும்பின் நிழலைக் கணினி நீக்கிவிடுவதால் இரத்தநாளங்கள் மட்டும் துல்லியமாகத் தெரியும். போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1927-இல் தொடங்கிவைத்த முறையின் வளர்ச்சியே இது.

முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை

சாய மருந்து ஒவ்வாமை, சிறுநீரக நோய், கர்ப்பம், உட்கொள்ளும் நீரிழிவு மாத்திரைகள், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை மருத்துவரிடம் கூற வேண்டும். டி.எஸ்.ஏ. பரிசோதனையால் பக்கவாதம் ஏற்படுவது அரிது. எனினும் அந்த வாய்ப்பை மருத்துவர் விளக்கிய பின்னரே ஒப்புதல் பெறப்படும்.

பரிசோதனைக்குப் பின்

புடைப்பு கண்டறியப்பட்டால், அறுவை சிகிச்சை மூலம் கிளிப் பொருத்தியோ, நுண்குழாய் வழியே உலோகச் சுருள் நிரப்பியோ அடைக்கப்படும். முதல் படத்தில் எதுவும் தெரியாவிடினும் ஆபத்து நீங்கியதாகக் கொள்ளலாகாது. சில நாள்கள் கழித்து மீண்டும் படமெடுக்க நேரலாம்.

எங்குச் செல்வது?

புதுச்சேரி மூலக்குளம் மற்றும் சுற்றுவட்டாரப் பகுதியினருக்குக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை உள்ளது. மேற்கண்ட அறிகுறிகள் தோன்றினால் ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளாமல், உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கவும்.