வாக்கும் வாளும்: பிரான்சுவா த லா நூவும் பிரெஞ்சு மதப்போர்களும்

பிரான்சில் 1562க்கும் 1598க்கும் இடையே எட்டு முறை மதப்போர் மூண்டது. ஒவ்வொரு போரையும் ஓர் உடன்படிக்கை முடித்துவைத்தது. அடுத்த போர் அதைக் கிழித்துப்போட்டது. அரசனின் ஆணைக்கே மதிப்பில்லாமல் போன அந்த ஆண்டுகளில் எதிரெதிர் அணியினரால் ஓரளவேனும் நம்பப்பட்டது ஒரு பிரபு தரும் வாக்குதான். அது படிப்படியாக எப்படிச் சிக்கலானது என்பதைப் பிரான்சின் பிரித்தானி வட்டாரத்தைச் சேர்ந்த பிரான்சுவா த லா நூவின் (1531–1591) வாழ்க்கையில் பார்க்கலாம்.

லா நூ ஹியூகனோ (பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட்) அணியில் சேர்ந்தவர். 1569இல் ஜார்னாக்கிலும் மோங்கோந்தூரிலும் ஒரே ஆண்டில் இருமுறை சிறைப்பட்டு மீண்டார். அன்றைய வழக்கில் இதில் வியப்பில்லை. பிரபு கைதியானால் மீட்புப்பணமோ கைதி மாற்றமோ அவரை வெளியே கொண்டுவரும். எளிய போர்வீரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1570இல் ஃபோந்தனே-ல-கோந்த் முற்றுகையில் குண்டு பட்டு இடது கை சிதைந்தது. லா ரோஷெல் நகரில் கையை வெட்டியெடுத்தார்கள். பிறகு குதிரையின் கடிவாளத்தைப் பிடிக்க வாகாக ஓர் இரும்புக் கை செய்து பொருத்தினார்கள். ‘இரும்புக்கையர்’ என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது.

1572 ஆகஸ்டில் பாரிசில் ஹியூகனோக்களைக் கொன்றுகுவித்த புனித பர்த்தலோமேயு நாள் படுகொலைதான் அவர் வாக்கைச் சோதித்தது. அப்போது அவர் பாரிசில் இல்லை. ஸ்பானியருக்கு எதிராக மோன்ஸ் நகரைக் காத்துக்கொண்டிருந்தார். திரும்பியவரிடம் ஒன்பதாம் சார்லஸ் மன்னர் விசித்திரமான பணியொன்றை ஒப்படைத்தார்: கதவடைத்துக்கொண்ட ஹியூகனோ நகரான லா ரோஷெல்லைப் பணியவைக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டார். நகரத்தாரோ, சமரசம் பேச வந்தவரை ஊரை விட்டுப் போகலாம், தனிமனிதராகத் தங்கலாம், அல்லது படைத்தலைமை ஏற்கலாம் என்றார்கள். லா நூ தலைமையை ஏற்றார்; மன்னரின் தூதுப் பணியையும் கைவிடவில்லை! முற்றுகையிட்ட அரசப் படையோடு மோதிக்கொண்டே சமாதானமும் பேசினார். பொறுமையிழந்த போதகர் ஒருவர் அவர் கன்னத்தில் அறைந்ததாகவும், உடனிருந்தோர் வாளை உருவியபோது அவர் தடுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். பேச்சு பலிக்காதபோது, 1573 மார்ச்சில், மன்னருக்குத் தந்த சொல்லின்படி நகரை விட்டு வெளியேறினார். இதை இரட்டைவேடம் என்று எளிதில் தள்ளிவிடலாம். என் கணிப்பில் அது இரு கடன்களை ஒருசேரத் தீர்க்க முயன்ற ஒருவரின் திணறல். மறு ஆண்டே அதே நகரில் ஹியூகனோக்களுக்குத் தலைமை தாங்கியதையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

பின்னர் ஸ்பெயினை எதிர்த்த நெதர்லாந்துப் புரட்சியாளர் பக்கம் போரிட்டு, 1580இல் எக்மோந்த் கோமகனைச் சிறைபிடித்தார். சில வாரங்களில் அவரே ஸ்பானியரிடம் சிக்கினார். இம்முறை பழைய வழக்கம் எடுபடவில்லை. லிம்பூர்க் கோட்டையில் ஐந்தாண்டுகள் கழிந்தன. சிறையில் அவர் எழுதிய ‘அரசியல், இராணுவ உரைகள்’ 1587இல் பாசலில் அச்சேறியது. அந்நூல் உள்நாட்டுப் போர் பிரான்சை எப்படிச் சீரழித்தது என்று விவரித்து, பிரபுக்கள் ஆடை ஆடம்பரத்தாலும் மாளிகை மோகத்தாலும் கடனாளியானதைச் சாடுகிறது. அடர்ந்த அணியாய் வரும் கைத்துப்பாக்கிக் குதிரைவீரர் முன் ஈட்டிவீரர் நிற்க முடியாது என்றும் வாதிடுகிறது. தம் வர்க்கத்தின் பெருமிதச் சின்னமான ஈட்டியையே காலாவதியானது என்று சொல்ல ஒரு பிரபுவுக்குத் துணிவு வேண்டும்.

1585இல் அவர் விடுதலையானார். மாற்றாகப் போனவர் அதே எக்மோந்த். ஸ்பானிய மன்னருக்கு எதிராக ஆயுதம் ஏந்துவது குறித்த கடும் நிபந்தனைகள் விடுதலையோடு வந்தன. 1588இல் செதான், ஜாமெத்ஸ் நகர்களைக் காக்க வாளெடுத்தபோது, அது தம் வாக்கை மீறுவதாகாது என்று விளக்கி ஓர் அறிக்கையை அச்சிட்டு வெளியிட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரபுவின் சொல்லே போதுமாயிருந்தது. இப்போது அதற்கு அச்சில் வழக்காட வேண்டியிருந்தது.

1589இல் சென்லீயில் கத்தோலிக்க லீகின் படையை முறியடித்தார். இரு ஆண்டுகள் கழித்து, லம்பால் முற்றுகையில் தலையில் காயம்பட்டு, பிரித்தானியில் உள்ள மோங்கோந்தூரில் இறந்தார். முன்பு அவர் சிறைப்பட்ட மோங்கோந்தூர் பொய்த்தூவில் உள்ளது; இரண்டும் வேறு ஊர்கள்.