மெலிவிக்கும் மருந்தும் தராசும்

சுன்னாகச் சந்தையிலே வாழைக்குலை வாங்குவோர் தராசைப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணுவர். அங்கே தராசின் தீர்ப்பே முடிவானது. உடலை மெலிவிக்கும் மருந்தை வாங்குவோரும் அவ்வாறே தராசை நம்புகின்றனர். ஆனால், இவ்விடத்திலே தராசு மட்டும் போதாது என்பதை வரலாறு காட்டுகின்றது.

முதலாம் உலகப் போர்க்காலத்திலே, பிரான்சு நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைற்றோபீனோல் என்னும் இரசாயனப் பொருளைக் கையாண்ட தொழிலாளர் மெலிந்தனர். உடற்சூடு மிகுந்து மாண்டோரும் உளர். 1933 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், இப்பொருள் உடல் நிறையைக் குறைக்கும் என்று அறிவித்தனர். அது பொய்யன்று. உணவு தரும் ஆற்றலை உடலுக்கு உதவாமல் வெப்பமாக வீணாக்குவதே அதன் செயல். அதனை உண்ட பலர் மெலிந்தனர். சிலர் கண்ணிலே புரை படர்ந்து பார்வை இழந்தனர். சிலர் உயிரையும் இழந்தனர். உடற்பருமன் நோயாகக் கருதப்படாமையால், நோய் தீர்க்கும் மருந்துகளுக்கென 1906 இல் ஏற்பட்ட சட்டம் இதனைத் தடுக்க இயலாது நின்றது. 1938 இல் புதிய சட்டம் பிறந்த பின்னரே தடை வந்தது.

இந்தியா 1954 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால், உடற்பருமனைத் தீர்ப்பதாகக் கூறும் மருந்து விளம்பரங்களையும் விலக்கியது. ஆயினும் வாணிகம் வேறு வேடம் பூண்டது. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் ஆபத்தை மிகுவிப்பதாகக் கண்டு 2010 இல் மேல்நாடுகளில் மீட்டுக்கொள்ளப்பட்ட சிபுட்ரமின் என்னும் மருந்து, பின்னர் 'மூலிகை' என்று பெயரிட்ட பொதிகளுள்ளே மறைந்திருக்கக் கண்டுபிடிக்கப்பட்டது.

இலங்கையிலே 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், மருந்துகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபையை நிறுவியது. எனினும், கைத்தொலைபேசி வழியே வீட்டினுள் நுழையும் விளம்பரத்தை முதலிற் சோதிக்க வேண்டியவர் வாங்குபவரே. உணவும் உழைப்பும் மாறாமலே மெலியலாம் என்பதும், இத்தனை நாளில் இத்தனை கிலோ என்று உறுதி கூறுவதும், மூலிகையாதலால் தீங்கில்லை என்பதும், சேர்ந்த பொருள்களைச் சொல்லாது மறைப்பதும் ஏமாற்றின் அடையாளங்களாம்.

பேதி மருந்தினால் நீர் வெளியேறினும் நிறை குறையும். கொழுப்போ அங்கேயே இருக்கும். ஆகவே, எவ்வளவு குறைந்தது என்று கேட்பதற்கு முன், எதனாற் குறைந்தது என்று மருத்துவரிடம் கேட்டறிவதே அறிவுடைமை.