பைரீத்ரம்

பைரீத்ரம் சூரியகாந்திக் குடும்பத்துப் பூச்செடி. சாமந்திக்கு நெருங்கிய உறவு. வெள்ளை இதழ்கள் சூழ்ந்த மஞ்சள் நடுவில், விதை தாங்கும் சிறு காய்களில்தான் பூச்சியைக் கொல்லும் பைரீத்ரின்கள் செறிந்திருக்கின்றன. உலர்ந்த பூவின் எடையில் இவை பெரும்பாலும் 1 முதல் 2 விழுக்காடுதான்.

இதன் தாயகம் ஏட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியா. அதன் பெரும்பகுதி இன்று குரோவேஷியாவில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு அரைத்த பூத்தூள், மூட்டைப்பூச்சிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்தாகக் கடல் கடந்து விலைபோனது.

அந்தத் தூளுக்குப் புது வடிவம் தந்தது ஜப்பான். வகாயாமாவைச் சேர்ந்த எயிச்சிரோ உவெயாமா, 1880களில் அமெரிக்க வணிகர் ஒருவரிடமிருந்து விதை பெற்றுப் பயிரிட்டார்; 1890இல் பூத்தூளை ஊதுவத்தியாக்கினார். அது சீக்கிரம் எரிந்து தீர்ந்தது. சுருளாகச் சுற்றினால் நீளமும் கூடும், நேரமும் கூடும் என்று வழி சொன்னவர் அவர் மனைவி யூகி. 1902இல் கொசுவர்த்திச் சுருள் கடைக்கு வந்தது. அந்தப் பெண்மணியின் பெயர் இன்னும் பரவலாகத் தெரியவேண்டியது.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. 1930களின் இறுதியில் பால் ரசல் என்ற அமெரிக்க மலேரியா ஆய்வாளர், தஞ்சை மாவட்டப் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் வீடுகளுக்குள் பைரீத்ரம் தெளித்துக் கொசுவை ஒழிக்கும் முறையைச் சோதித்தார். டிடிடி பூச்சிக்கொல்லி வருவதற்கு முந்தைய காலம் அது.

பைரீத்ரின், பூச்சியின் நரம்பணுக்களில் சோடியம் செல்லும் வாயில்களை மூடவிடாமல் தடுக்கிறது. நொடிகளில் பூச்சி துடித்து விழுகிறது. பைரீத்ரினின் வேதியமைப்பை வேதியியலாளர்கள் ஸ்டௌடிங்கரும் ருசிச்காவும் ஆராய்ந்து 1924இல் வெளியிட்டனர். ஆனால் வெயில் பட்டால் சில மணி நேரத்திலேயே இது சிதைந்துவிடும். உணவில் நஞ்சு தங்காது என்பதால் அது நன்மை. வயலில் நின்று காக்காது என்பதால் குறை. அந்தக் குறையைக் களைந்ததுதான் 1973இல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் நிலையத்தில் மைக்கேல் எலியட் குழு அறிவித்த பெர்மெத்ரின் என்ற செயற்கைச் சேர்மம். இன்று கடையில் வாங்கும் சுருள்களில் பெரும்பாலும் இருப்பது பூ அல்ல, இத்தகைய செயற்கைச் சேர்மங்களே.

செயற்கைச் சேர்மங்கள் வந்ததன் சுமை பூ பயிரிட்ட விவசாயிமேல் விழுந்தது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியச் சரக்கு நின்றபோது முன்னுக்கு வந்த கென்யாவில், மலைநாட்டுச் சிறு விவசாயிகள் பூவைக் கையால் பறித்து உலர்த்தி விற்றனர். பின்னர் அங்கே சாகுபடி சரிந்தது. எந்திரத்தால் அறுவடை செய்யும் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா முந்திக்கொண்டது.

பூவிலிருந்து வந்ததாலேயே இது தீங்கற்றது என்று எண்ணிவிட வேண்டாம். மீனுக்கும் தேனீக்கும் இது கொடிய நஞ்சு. குளத்தருகிலும், தேனீ மேயும் நேரத்திலும் தெளிக்கக் கூடாது.